முட்டுக்கட்டைக்கு ஒரு வந்தனம்

கிராமத்து வீடுகளின் கொல்லைப்புறத்தில் பழைய ஏர்க்கால் ஒன்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் ஈரத்துணி உலர்த்துவார்கள். குழந்தைகள் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டும். அது ஒரு காலத்தில் எந்த நிலத்தை உழுதது என்று யாரும் கேட்பதில்லை. நாம் அன்றாடம் வழங்கும் மரபுத்தொடர்களின் கதியும் ஏறக்குறைய இதுதான். எங்கோ ஒரு களத்திலும், தறியிலும், பட்டறையிலும் வேர்வை சிந்தி உழைத்த சொற்கள், இன்று நம் பேச்சின் கொல்லைப்புறத்தில் வேறு வேலைக்குப் பயன்பட்டுக் கொண்டிருக்கின்றன.

நான் ஓர் உபாத்தியாயன். பதினெட்டு வருஷங்களாகப் பையன்களுக்கு மரபுத்தொடர்கள் சொல்லிக் கொடுத்து வருகிறேன். 'முட்டுக்கட்டை போடுதல் என்றால் என்ன?' என்பது என் கேள்வி. 'தடை செய்தல்' என்பது அவர்கள் விடை. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண்ணோடு அந்தச் சொல்லின் கதை முடிந்துவிட்டதாகவே நான் எண்ணியிருந்தேன். சென்ற சித்திரை மாதம் ஒரு நாள் என் பிரயாணம் தடைப்பட்டிராவிட்டால், இன்றும் அவ்வாறே எண்ணிக் கொண்டிருப்பேன்.

அன்று மாலை வெளியூரில் ஒரு தமிழ்ச் சங்கத்தில் நான் பேசுவதாக ஏற்பாடு. பொருள், 'மரபுத்தொடர்கள் பிறந்த கதை'. அகராதிகளைப் புரட்டி இருபது பக்கம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். பஸ்ஸில் கும்பகோணம் போய் ரயிலைப் பிடிக்கவேண்டும். காலை பத்து மணிக்குக் காவிரிக் கரையைச் சார்ந்த ஒரு சிறிய ஊரின் எல்லையில் பஸ் நின்றது. அன்று அவ்வூரில் ரதோற்சவம். "தேர் நிலைக்கு வரும் வரையில் வண்டி நகராது" என்று கண்டக்டர் சொல்லிவிட்டு இளநீர் குடிக்கப் போய்விட்டார். பதினொன்றாயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. ரயில் போயிருக்கும் என்று நிச்சயமானதும், "நல்ல சமயம் பார்த்து முட்டுக்கட்டை போட்டுவிட்டார்கள்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டென்று எழுந்து வீதியை எட்டிப் பார்த்தார்.

"யாருங்க ஐயா போட்டாங்க? தேரு இன்னும் தெற்கு வீதிக்கே வரலையே. திரும்புறப்பல்ல கட்டை போடுவாங்க?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது வெட்கமாகப் போய்விட்டது. நான் சொன்னது அகராதியில் உள்ள முட்டுக்கட்டை. அவர் கேட்டது கையில் உள்ள முட்டுக்கட்டை. முப்பத்தைந்து வருஷம் அந்த ஊர்த் தேருக்குக் கட்டை போட்டவர் அவர். வயதானபடியால் இப்போது திண்ணையிலிருந்தே வேடிக்கை பார்க்கிறார்.

தெற்கு வீதித் திருப்பம்

"உட்காருங்க வாத்தியார் ஐயா. பஸ்ஸு எங்கேயும் போயிடாது" என்று சொல்லி எனக்கு நீர்மோர் வருவித்தார். நான் வழக்கமாகப் பேசும் பொருளைக் கேட்டதும், அவர் முகத்தில் சிறிது வருத்தம் தோன்றியது.

"வடம் பிடிச்சவங்களுக்குப் புண்ணியங்கிறாங்க. சரிதான். ஆனா, எந்த வேலை கெட்டுப் போனாலும் ஊரு வையறதுக்கு எங்க கட்டைதான் கிடைச்சுது. கட்டை என்னங்க தப்புப் பண்ணிச்சு?"

"தேரை நிறுத்துகிறதே, பெரியவரே?" என்றேன்.

"நிறுத்துறது மட்டுமா? கட்டை இல்லேன்னாலும் தேரு ஓடுமுங்க. நல்லாவே ஓடும். நேரே அதோ அந்தக் கோடி வீட்டுக்குள்ளே ஓடும்!"

நேயர்கள் இதைச் சற்றுச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். மோட்டார் வண்டியில் இருப்பதுபோலத் திசை திருப்பும் சாதனம் எதுவும் தேருக்குக் கிடையாது. அதன் அச்சு ஒரே நிலையில் பொருத்தப்பட்டது. வடம் பிடிக்கும் ஆயிரம் பேரும் முன்னோக்கி இழுப்பார்கள். பின்னால் நெம்புகோல் கொண்டு உந்துகிறவர்களும் முன்னோக்கியே உந்துவார்கள். அப்படியானால் நான்கு வீதிகளின் மூலைகளிலும் தேரைத் திருப்புவது யார்? முட்டுக்கட்டை போடுகிறவர்தான். ஒரு புறம் சரிவாகச் செதுக்கிய கனமான மரக்கட்டை அது. எந்தப் பக்கம் திரும்பவேண்டுமோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் முன்னால் அதைச் சாய்த்து இடுவார். அந்தச் சக்கரம் தயங்கும். மறு பக்கத்துச் சக்கரம் முந்தும். தேர் மெல்ல மெல்ல முகம் திருப்பும். இறக்கத்தில் வேகம் மிகுந்தால் அதை அடக்குவதும் அந்தக் கட்டையே.

திருவாரூர் ஆழித்தேரைக் கண்டவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். அலங்கரித்து நிற்கும்போது அதன் உயரம் 96 அடி என்றும், எடை ஏறக்குறைய 300 டன் என்றும் சொல்லுவார்கள். அதன் இரும்புச் சக்கரங்களுக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் உதவியால் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் வீதி மூலைகளில் தேரைத் திருப்புவதற்கு மரக்கட்டைகளைத்தான் இன்றும் நாடவேண்டியிருக்கிறது.

ஒரு மணிக்குத் தெற்கு வீதி மூலையில் தேர் தெரிந்தது. கிழவர் என் கையைப் பிடித்துக் கொண்டு முன்னே அழைத்துப் போனார். பறையும் நாகசுரமும் முழங்கின. ஜனங்கள் எல்லாரும் தலை நிமிர்ந்து மேலே இருந்த சுவாமியைத் தரிசித்துக் கொண்டிருந்தார்கள். நான்கு பேர் மட்டும் நிமிரவில்லை. அவர்கள் குனிந்தபடி சக்கரத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். தேரின்மேல் நின்ற ஒருவர் துண்டை வீசிச் சைகை காட்டினார். வடம் இறுகியது, கட்டை விழுந்தது, மரம் நெரிபடும் ஓசை பீரங்கி வெடித்தாற்போல் கேட்டது. தேர் ஒரு சாண் திரும்பியது. மீண்டும் வடம், மீண்டும் கட்டை, மீண்டும் ஒரு சாண். அந்த மூலையைக் கடக்க முக்கால் மணி நேரமாயிற்று.

"சாமியைப் பாக்காம சக்கரத்தைப் பாக்கறது பாவமில்லையான்னு எங்கப்பனைச் சின்ன வயசிலே கேட்டேனுங்க" என்றார் கிழவர். "நீ சக்கரத்தைப் பாத்தாத்தாண்டா ஊரு சாமியைப் பாக்க முடியும்னு சொன்னாரு."

அப்பொழுதுதான் அவருடைய வலது காலைப் பார்த்தேன். இரண்டு விரல்கள் இல்லை. நான் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார். "யாரோ கூப்பிட்டாங்கன்னு ஒரு தடவை தலை நிமிந்துட்டேன். அம்புட்டுதான்" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

தொழில் தந்த சொற்கள்

திண்ணைக்குத் திரும்பி வந்ததும் என் இருபது பக்கங்களையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அன்று காலை எனக்குப் பெருமையாக இருந்த பல வரிகள் இப்போது வேறுவிதமாகத் தோன்றின.

ஒரு தேரிலிருந்து மட்டும் நம் பேச்சுக்கு எத்தனை சொற்கள் வந்திருக்கின்றன! பொதுக் காரியத்தில் ஒருவர் முன்வந்தால், 'வடம் பிடித்தார்' என்கிறோம். பலரும் சேர்ந்து செய்வதை 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்கிறோம். ஒரு குடும்பத்தையோ ஸ்தாபனத்தையோ தாங்கி நிற்பவரை 'அச்சாணி' என்கிறோம். வள்ளுவரும் உருவத்தைக் கண்டு ஒருவரை இகழலாகாது என்பதற்குப் பெருந்தேரின் அச்சாணியையே எடுத்துக்காட்டினார். இவையெல்லாம் புகழ்ச்சியாகவே நின்றுவிட்டன. முட்டுக்கட்டை ஒன்றுக்குத்தான் பழி. காரணம் எளியது. வடம் பிடிப்பவனின் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. கட்டை போடுபவன் செய்த காரியத்தில், தேர் நின்றது மட்டுமே தெரிகிறது. அது எதன்மேல் மோதாமல் தப்பியது என்பது தெரிவதில்லை.

இம்மாதிரி மாறிப்போன சொற்கள் இன்னும் உண்டு. பொற்கொல்லர் தம் உரைகல்லில் பொன்னைத் தேய்த்து மாற்று அறிவதை 'உரைத்துப் பார்த்தல்' என்பார்கள். இன்று கவிதையையும் நட்பையும் உரைத்துப் பார்க்கிறோம். நெசவாளர் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவும், குறுக்கே ஓடும் ஊடும், இன்று பிரிக்க முடியாத எந்த உறவுக்கும் பெயராகிவிட்டன. களத்தில் நெல்லைக் காற்றில் வீசிப் பதரைப் பிரிப்பது 'தூற்றுதல்'. அடுத்தவரைப்பற்றி அவதூறு பரப்புவதற்கும் அதே சொல்தான். உழவன் தூற்றும்போது பதர் பறந்து மணி எஞ்சுகிறது. நாம் தூற்றும்போது எஞ்சுவது என்ன என்று யோசிக்க வேண்டியதுதான்!

என் பக்கங்களில் ஓரிடத்தில் மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். சபையில் கைதட்டல் கிடைக்கும் என்று நான் நம்பியிருந்த இடம் அது. 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்ற பழமொழியில் 'குதிரை' என்பது பிழை என்றும், ஆற்றிடை மணல்திட்டைக் குறிக்கும் 'குதிர்' என்பதே சரி என்றும் பலர் சொல்லக் கேட்டு நானும் எழுதியிருந்தேன். ஆனால் நான் புரட்டிய அகராதிகளில் குதிர் என்பதற்கு நெல் கொட்டி வைக்கும் கூடு என்ற பொருளைத்தான் கண்டேன். மணல்திட்டு என்ற பொருளுக்கு ஓர் ஆதாரமும் எனக்கு அகப்படவில்லை. அன்று காலை பஸ் வந்த வழியில் ஓர் ஐயனார் கோயில் இருந்தது. அதன் முன்னே குயவர் செய்த மண்குதிரைகள் வரிசையாக நின்றன. கம்பீரமான பார்வை, உள்ளேயோ வெறுங்கூடு. சூளையில் வேகாத பச்சை மண்ணாயிருந்தால் தண்ணீரில் கரைந்தே போகும். வழியெல்லாம் மண்குதிரை நிற்கும் நாட்டில் அந்தப் பழமொழிக்கு வேறு விளக்கம் எதற்கு? அதைக் கண்ணால் பார்த்துக் கொண்டே வந்தவன், கையில் உள்ள தாளையே நம்பியிருந்தேன். அந்தப் பக்கத்தை அப்போதே அடித்துவிட்டேன். ஒரு சொல்லுக்கு அழகான பிறப்புக் கதை இருப்பது வேறு; உண்மையான பிறப்பு இருப்பது வேறு.

சக்கரத்தருகே நிற்பவர்

தடைப்பட்ட திட்டம் நன்மையாக முடிவது தேர் வீதியில் மட்டும் நடப்பதன்று. நம் இலக்கிய சரித்திரமே அவ்விதம் ஒரு மூலையில் திரும்பியிருக்கிறது. 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையருக்கு அப்பொழுது இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று கற்றவற்றுக்கு அளவில்லை. அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணப் போனார். தாம் படித்த நூல்களை அடுக்கினார். முதலியாரோ அவற்றால் வியப்படையாமல், சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் திகைத்து நின்றார். இதை அவரே 'என் சரித்திரம்' நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த புலமைத் தேரின்முன் விழுந்த கட்டை அந்தக் கேள்வி. தேர் திரும்பியது. 1887-இல் சீவகசிந்தாமணி அச்சேறியது, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. கேள்வி கேட்டவரிடம் ஐயர் கோபித்துக் கொண்டு போயிருந்தால் தமிழர் எவ்வளவு ஏழைகளாயிருப்போம்!

தேசத்தின் தேரும் ஒரு முறை இவ்வாறு நின்றது. 1922-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், குஜராத்தில் பர்தோலி தாலுகா வரிகொடா இயக்கத்துக்கு ஆயத்தமாயிருந்தது. அச்சமயம் ஐக்கிய மாகாணத்துச் சௌரி சௌராவில் ஜனக்கூட்டம் போலீஸ் நிலையத்துக்குத் தீ வைத்துக் காவலர்களைக் கொன்ற செய்தி வந்தது. காந்தியடிகள் இயக்கத்தை நிறுத்தினார். சிறையிலிருந்த மோதிலால் நேருவும் லாலா லஜபதி ராயும் மனம் கொதித்தார்கள். அது சரியா, தவறா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. ஆயினும் நடந்தவை இவை: அதே பர்தோலி 1928-இல் வல்லபபாய் படேலின் தலைமையில் வரிகொடாப் போரை அமைதியாக நடத்தி வென்றது. 1930-இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்த தொண்டர்கள் அடி வாங்கினார்களேயன்றி அடிக்கவில்லை. எல்லாரும் வடத்தை இழுத்துக் கொண்டிருந்த வேளையில் ஒருவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தடை எல்லாம் நன்மைக்கே என்று நான் சொல்ல வரவில்லை. வறுமையால் பள்ளியை விட்ட பையனிடமும், சாதியின் பேரால் வாசலில் நிறுத்தப்பட்டவரிடமும், 'நன்றி கொள்ளுங்கள்' என்று உபதேசிப்பது கொடுமை. அது தேரைத் திருப்பும் கட்டையன்று. வழியை மறித்துப் போட்ட பாறை. இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்று கிழவரையே கேட்டேன்.

"போட்டவன் எங்கே நிக்கிறான்னு பாருங்க" என்றார். "தூரத்திலேருந்து எறிஞ்சா அது வேற. கட்டை போடறவன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிப்பான். தப்பு வந்தா முதல்லே அவன் கால்தான் போகும்."

அந்த வார்த்தை என்னை எங்கேயோ கொண்டு போய்விட்டது.

எனக்கு இருபத்தொரு வயதாயிருந்தபோது பி. ஏ. தேறிவிட்டுச் சட்டம் படிக்கச் சென்னைக்குப் போகவேண்டுமென்று துடித்தேன். என் தகப்பனார், "இப்போது வேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. "நீங்கள் என் வாழ்க்கைக்கே முட்டுக்கட்டை போடுகிறீர்கள்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் பதில் பேசாமல் வெளியே எழுந்து போனார். நான் பக்கத்து ஊரில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். நிலத்தின்மேல் அப்போது இருந்த கடனும், தங்கையின் கல்யாணத்துக்காக அவர் எழுதிக்கொடுத்திருந்த பத்திரமும் சில வருஷங்கள் கழித்தே எனக்குத் தெரியவந்தன. தெரிந்த பிறகும் நான் சொன்ன சொல்லை நான் திரும்பப் பெறவில்லை. அவரும் அதை ஒரு நாளும் எடுத்துக் காட்டவில்லை. வக்கீலாகியிருந்தால் நன்றாயிருந்திருப்பேனா, மாட்டேனா என்பது இப்போது கேள்வியல்ல. தேரின் கனம் வடம் பிடித்த எனக்குத் தெரியவில்லை. சக்கரத்தருகே நின்றவருக்குத் தெரிந்திருந்தது. விரல்கள் போனதும் அவருக்கே.

மூன்று மணிக்குத் தேர் நிலைக்கு வந்தது. 'அந்த விவகாரம் ஒரு நிலைக்கு வந்தது' என்று நாம் சொல்லும்போதெல்லாம், அந்தப் பெருமூச்சும் அந்த ஆரவாரமும் நமக்குக் கேட்க வேண்டும். சங்கத்தாருக்கு முன்பே தொலைபேசியில் செய்தி சொல்லியிருந்தேன். 'அடுத்த மாதம் வாருங்கள்' என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்கள். கிழவரிடம் விடைபெற்றுக் கொண்டபோது, "இனிமே எங்க கட்டையை வையமாட்டீங்களே?" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் அந்தச் சங்கத்தில் பேசினேன். இருபது பக்கம் எட்டுப் பக்கமாகக் குறைந்திருந்தது. வகுப்பிலும் இப்போது 'தடை செய்தல்' என்ற விடைக்கு அரை மதிப்பெண்தான் தருகிறேன். மற்ற அரைக்கு, கட்டை எதற்காகப் போடப்படுகிறது என்று எழுத வேண்டும்.

ஆனால் அன்று மாலை நான் போனது நேரே வீட்டுக்கு. தகப்பனார் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயது எண்பதை நெருங்குகிறது. காது சிறிது மந்தம்.

"கூட்டம் நல்லபடி நடந்ததா?" என்று கேட்டார்.

"போகவில்லை, அப்பா. வழியில் தேர்."

"அப்படியா? திருப்பத்தில் நின்றுவிட்டதோ?"

"நிறுத்தினார்கள், அப்பா. நிறுத்தாவிட்டால் ஒரு வீட்டின்மேல் மோதியிருக்கும்" என்றேன். பிறகு, அவருக்குக் கேட்கும்படியாகக் குனிந்து, இருபத்து சொச்சம் வருஷங்களாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

அவர் சற்று நேரம் வீதியையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "தேர் நிலைக்கு வந்துவிட்டதல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்துவிட்டது, அப்பா" என்றேன்.